பொதிகை அண்ணாச்சி

மில்லர்புரத்தில் மேடு என்று ஒன்று கிடையாது. தெருவில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால், எந்தப் பக்கம் ஓடலாம் என்று அது கொஞ்ச நேரம் நின்று யோசிக்கும். தூத்துக்குடியில் உயரம் என்றால் தெர்மல் புகைபோக்கி, துறைமுகத்துக் கிரேன், பனிமய மாதா கோவில் கோபுரம், உப்பளத்து ஓரத்து உப்பு அம்பாரம். இவற்றில் சாதாரண மனிதன் ஏறக்கூடியது கடைசியாகச் சொன்னதுதான். அதிலும் ஏறினால் உப்பளக்காரர் கம்பெடுத்துக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மலை ஏறிவிட்டு வந்து, அதுவும் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தால் நம் கதி என்ன? கேளுங்கள்.

அவருடைய சொந்தப் பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கு அவர் பொதிகை அண்ணாச்சி. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. கப்பலின் கேங்வே ஏணிக்கு மேல் உயரமாக எதிலும் ஏறியவர் இல்லை. ஒரே ஒரு மலை, ஒரே ஒரு தடவை ஏறிவிட்டு, பிறகு வாழ்நாள் முழுக்க இறங்கியே வராத ஆட்கள் இப்போது ஊருக்கு ஊர் உண்டு. சிலர் வெள்ளியங்கிரியில் நிற்கிறார்கள், சிலர் பர்வதமலையில். எங்கள் அண்ணாச்சி நிற்பது பொதிகையில்.

2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டில் ஏறினார். அந்த உச்சியைத் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர். செய்தியை அண்ணாச்சி டீக்கடையில் சத்தமாக வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். “விருதுநகர்ப் பிள்ளை எவரெஸ்ட் ஏறிட்டு. நாம இங்கன உக்காந்து வடையைப் பிச்சுக்கிட்டு இருக்கோம்” என்றார். அந்த ‘நாம’வில் எங்களையும் சேர்த்தது எங்களுக்குப் பிடிக்கவில்லை. வடை நன்றாகத்தான் இருந்தது.

எவரெஸ்ட் 8,848 மீட்டர். பொதிகை என்கிற அகத்தியர் மலை 1,868. ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. “முதல்ல அஞ்சில ஒண்ணு. பாக்கியைப் பெறகு பாத்துக்கிடலாம்” என்று தவணை முறையில் கணக்குப் போட்டார். ஆபீஸ் பழக்கம்.

பயிற்சி மார்கழியில் தொடங்கியது. பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் மாடிப்படி ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் மதினி அரிசியைப் பிடுங்கிக்கொண்டு, “பொங்கலுக்கு வச்சிருக்கேன், வேற எதையாவது சுமங்க” என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு பழைய பேப்பர் கட்டு. தொப்பி, பை, முட்டி வரை ஏறும் சாக்ஸ் எல்லாம் வந்தன. புது ஷூவைப் போட்டுப் பழக்கவேண்டும் என்று யாரோ சொன்னதால், ஒரு வாரம் லுங்கியும் மலையேற்ற ஷூவுமாகப் பால் வாங்க வந்தார். தெருநாய்களுக்கு அந்த ஒரு வாரம் நல்ல பொழுதுபோக்கு.

இதில் வேடிக்கை, நம் தமிழ் முனிவரைப் பார்க்க நாம் கேரளத்தில் விண்ணப்பம் போடவேண்டும். பாபநாசத்திலிருந்து போகும் பாதை முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் கிடக்கிறது. அங்கே நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. கேரள வனத்துறைதான் ஜனவரி பிறந்ததும் ஆன்லைனில் அனுமதி கொடுக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு, மருத்துவச் சான்றிதழும் வேண்டும். அனுமதி திறந்த சுருக்கில் தீர்ந்துவிடும். கண்டெய்னருக்கு ஸ்லாட் பிடித்துப் பழகிய விரல் அல்லவா, அண்ணாச்சி இரண்டு சீட்டு பிடித்துவிட்டார். ஒன்று தனக்கு, இன்னொன்று மச்சினனுக்கு.

மச்சினன் எதற்கு என்று கேட்கக்கூடாது. இந்தக் கடற்கரைக்காரனுக்கு அது தெரிந்திருக்கவேண்டும். முத்துக் குளிக்கப் போகிறவன் தோணியில் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் கூட்டிப்போவான் என்று இங்கே சொல்வார்கள். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு, கூட்டாளிக்கு முத்தில் பங்கு உண்டு. மச்சினன் ஒருத்தன்தான் அக்காள் தாலியை நினைத்துக் கயிற்றை விடாமல் இழுப்பான். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. மச்சினன்மார் மேல் உள்ள நம்பிக்கை நிற்கவில்லை.

மலையில் நடந்ததற்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று அண்ணாச்சி சொல்வது, இன்னொன்று மச்சினன் சொல்வது. ஏற்றம் தொடங்கும் போணக்காட்டில் இறங்கினார்கள் என்பது வரை இரண்டும் ஒத்துப்போகின்றன.

அங்கே பையைச் சோதித்தபோது பிளாஸ்டிக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு கிலோ மக்ரூனை பாலித்தீன் கவரில் கட்டிக்கொண்டு போயிருந்தார். கவர் போயிற்று. மக்ரூனைத் தோள் துண்டில் முடிந்துகொண்டார். முதல் ஓடையைத் தாண்டும்போது வழுக்கி உட்கார்ந்ததில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியுமாகத் தம் பூர்வீகத்துக்குத் திரும்பிவிட்டன.

வழியில் முட்டிடிச்சான் தேரி என்று ஒன்று வரும் என்று வழிகாட்டியாக வந்த மலைப் பழங்குடிக் காணிக்காரர் சொல்லியிருக்கிறார். தேரி என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “தேரி நமக்குப் பழக்கம்லா! குதிரைமொழித் தேரியில சின்ன வயசுல உருண்டு விளையாடியிருக்கோம்.” நமக்குத் தேரி என்றால் திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடு. அந்தக் காட்டில் தேரி என்றால் செங்குத்து ஏற்றம். கால் தூக்கி வைக்கும்போது முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும், அதனால்தான் அந்தப் பெயராம். அண்ணாச்சிக்கு முட்டி நெஞ்சில் இடிக்கவில்லை. இடையில் வயிறு இருந்தது.

அந்தத் தேரியில் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் அவர் ஆரோக்கியப்பச்சையைக் கேட்டிருக்கிறார். 1987-இல் இதே மலைக்கு வந்த ஆராய்ச்சியாளர்கள் மூச்சு வாங்கி நின்றபோது, கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடந்தார்களாம். அப்படித்தான் அந்தச் செடி வெளியுலகத்துக்குத் தெரிந்து மருந்தாகவும் ஆயிற்று. இதை எங்கேயோ படித்துவைத்திருந்தவர், “அதுல ரெண்டு காய் தாரும்” என்று கையை நீட்டினார். காணிக்காரர் சிரித்துக்கொண்டே மேலே நடந்துவிட்டார். காலில் செருப்புகூட இல்லை என்று மச்சினன் வியந்து வியந்து சொல்கிறான். அண்ணாச்சியின் வரலாற்றில் காணிக்காரர் வருவதே இல்லை.

அன்றிரவு அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும். யானை வராமலிருக்கச் சுற்றிலும் அகழி. மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். மச்சினன் முன்னால் ஏறி, மேலே நின்று கை கொடுத்தான். “அத்தான், கயித்தை விட்டுராதிய!” “நீ என்னை விட்டுராதல!” கடலில் நடந்ததுதான், மலையில் தலைகீழாக.

மேலே அகத்தியர் சிலை, காற்று, பஞ்சுமூட்டையாக மஞ்சு. சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் அங்கே தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட, சமன் செய்யக் குறுமுனியை இங்கே அனுப்பினார்கள் என்பது கதை. அண்ணாச்சி ஏறிய அன்று வடக்கே ஏதாவது உயர்ந்ததா என்று தெரியவில்லை. “உச்சியில இருந்து நம்ம தெர்மல் புகைபோக்கியைப் பாத்தேன்” என்கிறார். “பக்கத்துல நின்ன நானே அத்தானுக்குத் தெரியல” என்கிறான் மச்சினன்.

திரும்பி வந்தவர் வேறு மனிதர். மூங்கில் கம்பு இல்லாமல் வெளியே வருவதில்லை. யாராவது படியேறி மூச்சு வாங்கினால், “மூக்கால இழுத்து வாயால விடும்” என்று பாடம். டீக்கடையில் ஒருநாள், “மேல ஆக்சிஜனே கெடையாது தெரியுமா” என்று தொடங்கினார். மூலையில் பழைய சங்குகுளிக்காரர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: “எத்தனை நேரம் மூச்சைப் பிடிச்சீரு?” கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடும். பொதிகை உச்சியில் காற்று குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். பெரியவர் இந்தக் கணக்கெல்லாம் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான். அண்ணாச்சி காசு கொடுத்துவிட்டு எழுந்துபோனார். எங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

அவரைத் தெரு வேறு விதத்தில் பயன்படுத்திக்கொள்கிறது. தாமிரபரணி பிறப்பது அந்த மலையில், கடலில் சேர்வது நம் புன்னைக்காயலில், இடையில் நம் குழாயிலும் கொஞ்சம் வருகிறது. முறை நாளில் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் குடத்தோடு அவர் வாசலில் நிற்கிறார்கள். “அண்ணாச்சி, ஒங்க மலையில என்னாச்சு?” அவரும் சளைக்காமல், “மழை கொறைச்சல்” என்று பொறுப்போடு பதில் சொல்கிறார்.

மதினி அடுத்த ஜனவரிக்கு விண்ணப்பம் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். பெண்கள் ஏறக்கூடாது என்ற தடையை நீதிமன்றம் நீக்கிய பிறகு 2019-இல் தன்யா சனல் என்ற பெண் ஏறிவிட்டார், அதன்பின் பெண்களும் போகிறார்கள். மாடிப்படியில் இப்போது அரிசிப் பை மறுபடி ஏறி இறங்குகிறது. இந்தத் தடவை பிடுங்க ஆளில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி வீட்டு ஹாலில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்று உச்சியில் கம்போடு நிற்பது. இன்னொன்று கல்யாணமான புதிதில் மதினியோடு ஊட்டித் தாவரவியல் பூங்காவில், தோளில் ஸ்வெட்டரோடு எடுத்தது. ஊட்டி 2,240 மீட்டர். அவர் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டே போய்வந்த ஊர். நீங்கள் மில்லர்புரம் பக்கம் வந்து அவர் வீட்டில் காப்பி குடிக்க நேர்ந்தால், பொதிகைப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள்.