ஆளில்லாத பாறை

வவுணதீவில் மலை இல்லை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே போனால் வயல், வயல் முடிந்தால் தண்ணீர், தண்ணீர் வற்றினால் மறுபடியும் வயல். எங்கள் ஊரில் ஏறுகிறது என்று ஒன்று உண்டென்றால், அது வேளாண்மை வெட்டுகிற நேரத்துக் கூலிதான். இப்படிப்பட்ட ஊருக்கு மார்கழி லீவில் சுவிஸிலிருந்து சிநேகிதன் ஒருவன் அறுபது மீற்றர் கயிற்றோடு வந்து இறங்கினான்.

அங்கே அவனுக்குச் சனி, ஞாயிறு என்றால் பாறை ஏறுவதுதான் வேலை. வேலை என்கிறேனே தவிர, சம்பளம் கிடையாது. இவன்தான் காசு கட்டுகிறான். குளிர்காலம் அதற்கு நல்ல தோதாம். விரல் வியர்க்காது, சப்பாத்தின் ரப்பர் கல்லைக் கவ்விக்கொள்ளும். “இஞ்சயும் இப்ப வின்டர்தானே மச்சான்” என்றான். எங்கள் வின்டர், வடகீழ்ப் பருவக்காற்று. வருடத்து மழையில் பெரும்பங்கை ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தாச்சு என்று கேள்விப்பட்டால் மாட்டை மேட்டுக்கு ஏற்றுவோம். நாங்கள் அறிந்த வின்டர் கிளைம்பிங் அவ்வளவுதான்.

பாறைக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்தோம். படுவான்கரைக்கு அப்பால் காட்டோரங்களில் கல் கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நூறு கோடி வயது. அத்தனை காலம் கிடந்ததாலோ என்னவோ, ஆளில்லாத கல் ஒன்றுகூட மிச்சமில்லை. தாந்தாமலை முருகனுடையது. ஏறலாம், சப்பாத்தைக் கழற்ற வேண்டும். இவனுடைய வித்தை முழுவதும் சப்பாத்தில்தான் இருக்கிறது. குசலான்மலைக்கு முருகனும் தொல்பொருள் திணைக்களமும் உரித்துக் கேட்கிறார்கள். மூன்றாவது கட்சியாக நாங்களும் கயிற்றோடு போய் நிற்பது அழகில்லை. குடும்பிமலையை 2007 ஜூலையில் இராணுவம் பிடித்தபோது கொழும்பில் சுதந்திர சதுக்கத்தில் விழாவே எடுத்தார்கள். அதற்குப் பிறகு நாங்கள் நாலுபேர் ஏறி யாருக்கு என்ன காட்டுவது? போதாக்குறைக்கு மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் கிடக்கும். மலை ஏறப் போகிறவன் முதலில் தோணி ஏறவேண்டும். மிச்சக் கல்லெல்லாம் கிறஷர்காரருக்கு. அவை வருடா வருடம் குட்டையாகிக்கொண்டு வருகின்றன; கொஞ்சம் பொறுத்தால் ஏறாமலே தாண்டலாம்.

கடைசியில் அகப்பட்டது எங்கள் சிநேகிதன் ஒருவனின் வட்டையோரக் கல். மூன்று ஆள் உயரம். முன்பக்கம் செங்குத்து, பின்பக்கம் ஆடு ஏறும் சரிவு. சுவிஸ்காரன் பின்பக்கத்தால் நடந்து ஏறி, உச்சியில் நின்ற பாலை மரத்தில் பட்டியைச் சுற்றி, கயிற்றைக் கொளுவி, இறங்கி வந்து முன்பக்கத்தால் ஏற ஆயத்தமானான். தேத்தண்ணி கொண்டுவந்த பெத்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அவன் ஏறிட்டான்தானே? மறுகா ஏன் இறங்கி மத்தப் பக்கத்தால ஏறுறான்?”

எங்களிடம் பதில் இல்லை.

“மேல தேன் கிடக்கா மனே?”

“இல்ல பெத்தா.”

“நேத்திக்கடனா?”

“இல்ல. சும்மாதான்.”

தேனைக் கேட்டது பகிடி இல்லை. இந்த நாட்டில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கிய மூத்த ஆட்கள் வேடர்கள். மலைத்தேன் எடுக்கக் கொடியால் ஏணி பின்னி, புகை மூட்டி இறங்கியதை செலிக்மன் தம்பதியர் 1911இல் வந்த தங்கள் புத்தகத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தேனோடு திரும்பினார்கள். எங்களோடு ஒப்பிட்டால் அதுதான் தொழில்.

சுவிஸ்காரன் விடவில்லை. 2016இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட்டில் ஏறிய கதையைச் சொன்னான், இலங்கையில் முதல் ஆளே ஒரு பொம்பிளைதான் என்றான். பெத்தா யோசித்துவிட்டு, “அங்க ஆனை இல்லியே, பிறகென்னத்துக்கு ஏறினவ?” என்றார். படுவான்கரையில் ராக்காவல் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும்.

இடுப்புப் பையில் இருந்த வெள்ளைத்தூளை அவன் கையில் தட்டியதைக் கண்டதும் பெத்தாவின் முகம் மாறியது. கிட்டப் போய் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். அது மக்னீசியம் காபனேற்று. ஜிம்னாஸ்டிக் ஆட்களிடமிருந்து அதைப் பாறைக்குக் கொண்டுவந்தவர் ஜோன் கில் என்ற அமெரிக்கர், 1950களில். சொல்ல வாயெடுத்தேன். பெத்தா கண்ணை மூடி நின்றதால் ஜோன் கில்லை விழுங்கிக்கொண்டேன்.

பிறகு வெயில் எறித்தது, கல் காய்ந்தது, எங்கள் வீமன் புறப்பட்டான். கன்னன்குடாப் பக்கத்து வடமோடிக் கூத்துகளில் அவனுக்கு வீமன் வேடம்தான், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. ஹார்னஸை மாட்டிவிட இரண்டுபேர் தேவைப்பட்டார்கள். கூத்துக்கு உடுப்புக் கட்டுகிற மாதிரியே கையை விரித்துக்கொண்டு நின்றான். கயிற்றின் மறுநுனியைப் பிடித்தவன் வட்டைக்காரன், ஈர்க்குச்சி. ஏறுகிறவன் பாரம் கூடினவன் என்றால் பிடிக்கிறவனை நிலத்தோடு கட்டிவைக்க வேண்டும் என்று சுவிஸ்காரன் வாய் திறக்கும் முன்னே வீமனின் கால் வழுக்கிவிட்டது. வீமன் இறங்க, வட்டைக்காரன் ஏறினான். நடுவழியில் இருவரும் முகத்துக்கு முகம் சந்தித்தபோது, “எங்ககா போறாய்?” என்று வீமன் கேட்டதாக வட்டைக்காரன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். அன்றைக்கு அந்தக் கல்லின் முன்பக்கத்தால் ஆக உயரம் போனவன் அவன்தான், ஒரு பிடிகூடப் பிடிக்காமல்.

ஞாயிறு விடியமுன் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்கல்லில் ரப்பர் செல்லாது. திரும்பும் வழியில் லேண்ட்மாஸ்டரின் பெட்டி சேற்றில் புதைந்தது. எங்கள் எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் அந்தக் கயிற்றின் மேல் போனது. சுவிஸ்காரன் கெஞ்சினான். அது விழுகிறவனை மெல்ல ஏந்துவதற்காக நீளும்படி செய்த கயிறாம், விழுகிற வேகத்தில் மூன்றிலொரு பங்குகூட நீளுமாம், இழுவைக்கு ஆகாதாம். நாங்கள் கயிறு திரிக்கிறவர்களை நிறையக் கண்டவர்கள், நம்பவில்லை. எஞ்சினைக் கழற்றி முன்னே விட்டு இழுத்தோம். எஞ்சின் போனது, கயிறும் போனது, பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கியபோது பெட்டி சேற்றைவிட்டுக் கிளம்பி எங்களைக் கடந்து எஞ்சினிடம் நலம் விசாரிக்கப் போனது.

அப்படி இழுபட்ட கயிற்றில் இனி ஆள் தொங்கக்கூடாதாம். இருநூறு பிராங் கயிற்றை வட்டைக்காரனிடம் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறினான். தைப்பொங்கலன்று சுவிஸுக்கு ஒரு குரல்பதிவு போனது. வாழ்த்து இல்லை, முறைப்பாடு: “மச்சான், உன்ட கயித்தில எருமையக் கட்டினா அது இஞ்ச நிண்டுகொண்டே அடுத்தவன்ட வேளாண்மையத் தின்னுதுகா. தண்டம் கேக்கிறான். ஆருக்கு அனுப்பிறது பில்ல?”