எவ்வளவு வேணும், சொல்லுங்க

வங்கியின் பேனல் இன்ஜினியரை அடையாளம் காண அவர் கையில் டேப் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. டேப் உதவியாளரின் பையில் இருக்கும். உரிமையாளரையும் கேட்டையும் ஒரே படத்துக்குள் நிறுத்தி, அட்சரேகை தீர்க்கரேகை பதியும் ஆப்பில் ஒன்று எடுத்துக்கொள்வார். பத்திர நகலில் உள்ள செக்குபந்தியோடு நாலு பக்கமும் ஒரு பார்வை. வடக்கே காலிமனை என்று எழுதியிருக்கும். அங்கே மூன்று மாடி நிற்கும். அதற்கெல்லாம் அவர் அசர மாட்டார். காபியை ஆற்றிக்கொண்டே, தொழிலின் மூலாதாரமான கேள்வியைக் கேட்பார்: "லோன் எவ்வளவு சார் எதிர்பார்க்கறீங்க?" நாற்பது லட்சம் என்று பதில் வந்தால் மனக்கணக்கு அங்கேயே முடிந்துவிடும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனை, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மிகாமல் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, வீடு 50 லட்சம். அது ஏன் 50 லட்சம் என்று காகிதத்தில் காட்டுவதுதான் இனி பாக்கி.

தையற்காரர் அளவெடுத்து வெட்டுவார். இவர் வெட்டிவிட்டு அளவெடுப்பவர். நிலத்துக்கு சென்ட் விலை, கட்டடத்துக்குச் சதுர அடி விலை, வயதுக்குத் தேய்மானம் எல்லாம் போட்டும் கூட்டுத்தொகை 48 லட்சத்தில் நின்றுவிட்டால் கலங்க மாட்டார். 'கூடுதல் வசதிகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது: தேக்கு முன்கதவு, போர், சுற்றுச்சுவர், சம்ப்பு. துண்டு விழும் இரண்டு லட்சம் வழக்கமாகச் சம்ப்பிலிருந்துதான் இறைக்கப்படும். கடைசிப் பக்கத்தில், இந்தச் சொத்தில் எனக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த அக்கறையும் இல்லை என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்து. ரிப்போர்ட்டிலேயே அப்பழுக்கில்லாத உண்மை அது ஒன்றுதான். அவருடைய அக்கறையெல்லாம் அடுத்த ஃபைலில்.

இவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம், நியாயமில்லை. ஒரே மனைக்குப் பல மதிப்பு இருப்பது குற்றமே அல்ல. வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு, அவசரத்துக்கு விற்றால் தேறும் மதிப்பு ஆகியவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இதைவிடப் பெரிய நியாயமும் அவர் பக்கம் உண்டு. அக்கம்பக்கத்து விற்பனையைப் பார்த்து மதிப்பிடு என்பது தொழில் இலக்கணம். அந்த விற்பனைக்கு ஆதாரம் பத்திரம். பத்திரத்தில் இருப்பதோ பல நேரம் வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை. மிச்சம் ரொக்கமாகக் கைமாறியிருக்கும். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அதைப் பார்த்து மனைக்காரர் எவரும் தன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஊரே கூடிப் பொய்யை எழுதி, முத்திரைத்தாள் வாங்கிப் பதிந்தும் வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து உண்மையைத் தோண்டி எடுத்து வா என்று ஒரு சிவில் இன்ஜினியரை அனுப்புகிறோம். நாலு புரோக்கருக்குப் போன் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன?

ஆகவே, "மதிப்புங்கறது ஒரு அபிப்பிராயம்தானே சார், பத்து பர்சென்ட் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இடிப்பது அந்த 'முன்னே பின்னே'தான். தடுமாற்றம் நிஜமானால் சில நேரம் மேலேயும் சில நேரம் கீழேயும் தவற வேண்டும். இவருடைய தவறு எப்போதும் ஃபீஸ் கொடுப்பவர் பக்கமாகவே சாய்கிறது. கடனுக்கு என்றால் மதிப்பு ஏறும். பிள்ளையின் மாணவர் விசாவுக்கு என்றால் இன்னும் ஏறும். தங்கையின் பங்கைப் பணமாகக் கொடுத்துக் கணக்கு முடிக்க அண்ணன் கேட்டால், அதே வீட்டில் விரிசல் விழும், தெரு குறுகும், மழைநீர் தேங்கும். சொத்தை விற்றவருக்கு மூலதன ஆதாய வரியைக் குறைக்க 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பு வேண்டுமென்றால், அன்றைக்குக் கருவேலங்காடாக இருந்ததும் நகரின் மையப்பகுதியாகிவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தத் தேதியின் மதிப்பு அன்றைய முத்திரைத்தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020இன் நிதிச் சட்டமே மூடி போட வேண்டியிருந்தது. கற்பனைக்கு நாடாளுமன்றம் உச்சவரம்பு விதிக்கும் பெருமை கவிஞர்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை.

"நான் போடலைன்னா இன்னொருத்தர் போட்டுத் தருவார்" என்பது அடுத்த வாதம். இதிலும் உண்மை இருக்கிறது. ஃபீஸ் கடன்காரர் பாக்கெட்டிலிருந்து வருகிறது, ஃபைல் கிளையிலிருந்து வருகிறது, கிளைக்கோ மார்ச் மாத டார்கெட். 42 என்று எழுதியவரை யாரும் திட்டப் போவதில்லை. போன் வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். அப்படிப் போன் வராத இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், பேனல் பட்டியலில் பெயரும் இருக்கும். ஆனால் இந்த வாதம் சபலத்துக்குக் காரணம் சொல்கிறதே தவிர, எழுதிய எண்ணுக்குக் காரணம் சொல்லவில்லை.

கடைசி வாதம்தான் மோசமானது: "யாருக்கு சார் நஷ்டம்? மாசா மாசம் டியூ கட்டிடப் போறாங்க." கட்டாதபோது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வருகிறது. ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைப்பதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும் என்பது விதி. ஆக, இன்னொரு பேனல் இன்ஜினியர் வருவார். இப்போது வங்கிக்கு வேண்டியது சீக்கிரம் விற்கும் விலை. தேக்குக் கதவு வெறும் கதவாகும். சம்ப்பு யார் கண்ணிலும் படாது. 50 லட்சம் 38 ஆகி, வீடும் போய், பாக்கிக் கடனும் நிற்கும்போதுதான், அன்றைக்குக் கூட்டிப் போட்டுக் கொடுத்தது சொத்தின் மதிப்பை அல்ல, தன் தாங்கும் சக்திக்கு மீறிய கடனை என்பது அந்த மனிதருக்கு உறைக்கும்.

கடன் தொகையை இன்ஜினியரிடம் சொல்லாமல் மறைத்தால் போதாதா என்று கேட்கலாம். சாயங்காலத்துக்குள் புரோக்கர் சொல்லிவிடுவார். அதைவிட உருப்படியான வழி வங்கியின் பீரோவிலேயே இருக்கிறது. கடன் தந்தபோது வாங்கிய ரிப்போர்ட்டும் ஏலத்தில் கிடைத்த தொகையும் அங்கேதான் கிடக்கின்றன. இடையில் சந்தை இறங்கியதற்கு ஒரு கழிவு கொடுத்துவிட்டு, இன்ஜினியர் வாரியாக வித்தியாசத்தை வரிசைப்படுத்த ஒரு மத்தியானம் போதும். ஆனால் அந்தப் பட்டியலில், ஒவ்வொரு இன்ஜினியருக்கும் பக்கத்தில் சாங்ஷன் போட்ட மேனேஜரின் பெயரும் வந்து நிற்குமே!