லாமினேற் செய்த பில்

1,500 ரூபா திரும்பி வரும் என்றபடியால், 1,700 ரூபா கூடுதலான றைஸ் குக்கரை வாங்கினேன். வாய்ப்பாடு எனக்குத் தலைகீழ்ப் பாடம். கழித்தலில்தான் கொஞ்சம் சறுக்கும்.

கிளிநொச்சியில் கண்டி வீதிக் கடையொன்று. பெட்டியில் மஞ்சளாக ‘கேஷ் பேக்’ என்று ஒட்டியிருந்தது. “அண்ணை, பெட்டியில இருக்கிற பார்கோடை வெட்டி, ஒறிஜினல் பில்லோட இந்த ஃபோமையும் நிரப்பி, முப்பது நாளுக்குள்ள கொழும்புக்குத் தபாலில போடுங்கோ. காசு பாங்குக்கு வரும்” என்றான் கடைக்காரத் தம்பி. மனுசி பக்கத்தில் இருந்த மலிவுக் குக்கரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, எங்களுக்கு இது காணும்” என்றா. நான் அவவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன், பொருளாதாரம் தெரிந்தவனின் சிரிப்பு. குக்கரைவிட அந்தச் சிரிப்புத்தான் கூடக்காலம் உழைக்கிறது, இப்போதும் சொல்லிக்காட்டுறா.

எனக்கு ஏன் அவ்வளவு துணிவு என்றால், ஃபோம் நிரப்புவதில் வன்னிச் சனத்தை வெல்ல ஆளில்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் நிரப்பினோம். 2009இல் செட்டிகுளம் முகாமில் நிரப்பினோம். மீளக்குடியேற வந்து நிரப்பினோம். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவை அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக, ஒரு கையெழுத்துப் பிசகாமல் வாங்கி முடித்தவன் நான். ஐந்தரை லட்சம் எடுத்தவனுக்கு ஆயிரத்தைந்நூறு எம்மாத்திரம்?

முதல் இடறல் அடையாள அட்டை இலக்கம். ஃபோமில் 12 கட்டங்கள். 2016இலிருந்து வந்த புது அட்டைக்காரருக்கு அது சரி. என்னுடையது பழசு, ஒன்பது இலக்கமும் ஒரு ‘வி’யும். மிஞ்சின இரண்டு கட்டத்தையும் சும்மா விட மனம் வரவில்லை. வெறுங்கட்டம் இருந்தால் திருப்பிவிடுவார்கள் என்பது முகாமில் படித்த பாடம். இரண்டு பூச்சியம் போட்டு நிரப்பினேன். இலங்கையில் இல்லாத ஒரு மனிசன் அன்றைக்கு றைஸ் குக்கர் வாங்கினான்.

பெட்டியில் கோடு கோடாக இரண்டு ஸ்டிக்கர் இருந்தன. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெரியதுதான் பார்க்க மரியாதையாக இருந்தது. கத்தரிக்கோல் மொட்டை, அதனால் மீன் வெட்டும் கத்தியை எடுத்தேன். ஸ்டிக்கரோடு பெட்டியின் பாதிப் பக்கமும் வந்தது.

இனி பில். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

கடுதாசி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடின சனம். பாதி வழியில் விழுந்தது, பங்கருக்குள் ஊறினது, பிறகு அதற்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அதனால் கையில் எது கிடைத்தாலும் லாமினேற் செய்துவிட்டுத்தான் மூச்சு விடுவோம். என் வீட்டில் லாமினேற் செய்யாமல் மிஞ்சியிருப்பது மனுசி ஒருத்திதான்.

ஒறிஜினல் பில் கொழும்பு மட்டும் போகவேண்டும். தபால் பையில் மழைத்தண்ணீர் பட்டால்? லாமினேற் செய்யக் கொடுத்தேன். மெஷினுக்குள் வெள்ளையாகப் போனது, மற்றப் பக்கத்தால் காகம் மாதிரி வந்தது. அந்தக் கடுதாசியில் மையே கிடையாதாம். பூசியிருக்கிற மருந்து சூடு பட்ட இடத்தில் கறுத்து எழுத்தாகுமாம். நான் முழுக் கடுதாசிக்கும் சூடு காட்டியதில் முழுதும் எழுத்தாகிவிட்டது. அந்தக் கறுப்பு இனி மழைக்கு அசையாது.

திரும்பப் போய்க் கெஞ்சியதில் 29ஆம் நாள் பில்லுக்கு ஒரு கொப்பி கிடைத்தது. 30ஆம் நாள் போயா, தபால் கந்தோர் பூட்டு. போயா எந்த நாள் என்று கலண்டர் வருசத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. வேணுமென்று என்னிடம் அது மறைக்கவில்லை.

ஏழு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. பார்கோட் இணைக்கப்படவில்லை, ஒறிஜினல் பில் இல்லை, அடையாள அட்டை இலக்கம் பொருந்தவில்லை. ஒரு நாள் பிந்தினதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாவம் பார்த்திருப்பார்கள்.

ஸ்காபுறோவில் இருக்கிற மச்சானிடம் சொன்னேன். போனுக்குள்ளால் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சான், இதுக்கு இஞ்ச பேர் மெயில்-இன் றிபேட். நீ மறப்பாய், துலைப்பாய், பிழையா வெட்டுவாய் எண்டு நம்பித்தான் குடுக்கிறாங்கள். அப்பிடிச் சனம் கேளாமல் விடுற காசுக்கு ஒரு பேரே இருக்கு, பிறேக்கேஜ்.” சனத்தின் திட்டுத் தாங்காமல் அமெரிக்காவின் பெஸ்ட் பை என்ற பெரிய கடை 2005இலேயே இதைக் கைவிடப்போவதாக அறிவித்ததாம். அங்கே கைவிட்டு எத்தனையோ வருசத்துக்குப் பிறகு இங்கே நான் அதற்கு லாமினேற் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

இங்கிலாந்துக் கதை இன்னும் விசேசம். 1992இல் ஹூவர் கம்பனி, 100 பவுணுக்குச் சாமான் வாங்கினால் இரண்டு பேருக்கு விமான டிக்கெட் இலவசம் என்றது. ஃபோமும் கடிதமுமாக இழுத்தடித்தால் சனம் களைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சனம் களைக்கவில்லை. ஏறக்குறைய 5 கோடி பவுண் நட்டம், 1998 மட்டும் வழக்கு. அந்த நாட்டில் என்னைப்போல ஆட்கள் போதாமல் போய்விட்டார்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்கு அடிக்கலாமோ என்றும் யோசித்தேன். நம்பரை அழுத்தி, மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன். எடுத்துவிட்டு என்னவென்று சொல்வது? “ஐயா, நான் பில்லை லாமினேற் செய்துபோட்டன்” என்றா?

நாலாம் மாதம் குக்கர் செத்தது. வரண்டி இருக்கிறதுதானே என்று தைரியமாகத் தூக்கிக்கொண்டு போனேன். “அண்ணை, பெட்டியில சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஒண்டு இருந்திருக்கும், பெரிசா. அதை வரண்டி கார்டில ஒட்டியிருக்கவேணும். எங்க அது?”

கொழும்பில்.

இப்போது சோறு பழையபடி விறகடுப்பில் வேகிறது. மனுசி ஒன்றும் சொல்லவில்லை. குக்கர்ப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு, 11 முட்டை வைத்து, கோழியை அடைக்கு இருத்தினா. நான் வெட்டின ஓட்டையால் தலையை வெளியே நீட்டி, மூன்று கிழமையும் போறவாறவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. 9 பொரித்தது. மிச்சம் இரண்டும் பிறேக்கேஜ்.