கிழமைக்கூத்தும் இருபது முகக் கட்டையும்: வினாயகபுரத்துக்கான ஆட்ட இலக்கணம்

ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்ளன், ஒருவர் வாள்வீரன் என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு, இல்லாத குகைக்குள் இல்லாத புதையலுக்காக விடியுமட்டும் தர்க்கிப்பதற்குத் தமிழில் முறையான இலக்கணம் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். வேண்டிய இலக்கம் விழவில்லை என்பதற்காக ஒருவன் முகத்தைத் தூக்கிவைத்திருப்பது எட்டில் எது என்பதை அவர் தெளிவாக்கவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. இலங்கையின் கிழக்குக் கரையில் ஆய்வெல்லை வடக்கே பாண்டிருப்பு, தெற்கே பொத்துவில், கிழக்கே கடல், மேற்கே வயலும் யானையும். ஆய்வாளன் உட்கார்ந்திருக்கும் இடம் வினாயகபுரம்.

அயல்நாட்டு வரலாறு சுருக்கமானது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து எழுதிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல், விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று கைநூல்களாக வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் பெட்டி. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்த உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை உருட்டும் கட்டை சொல்லும். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் பிறகு எழுதப்பட்ட தடித்த விதிநூல்கள் எல்லாம், என் கணிப்பில், “நீ சொல்லுறது செல்லாது மச்சான்” என்ற ஒரே வசனத்தின் விரிவுரைகள்.

உலகத்தைச் சொல்பவரை இக்கட்டுரை அண்ணாவி என்றே குறிக்கும். மட்டக்களப்புக் கூத்தில் அந்தப் பதவி ஏற்கெனவே இருக்கிறது. களிகம்பாட்டமும் சீனடித் தற்காப்புக் கலையும் பழக்குகிற முஸ்லிம் ஊர்களிலும் பழக்குபவர் அண்ணாவிதான். கூத்து தொடங்குவது சட்டங்கொடுத்தலில். குரலையும் ஆளின் வளர்த்தியையும் பார்த்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் கொடுப்பார். அருச்சுனன் கிடைக்காதவன் வீட்டில் அன்றிரவு சோறு இறங்காது. விஸ்கொன்சின்காரர் இந்தத் தொல்லையைக் கட்டையின் தலையில் கட்டினார்கள். ஒரு பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்களுக்கும் ஆறு முகக் கட்டை மூன்று உருட்டிக் கூட்டும்படி பழைய விதி சொல்கிறது. பதினெட்டு விழ 216இல் ஒரு வாய்ப்பு. ஆக, தன் வீரன் சோனியாகப் பிறந்ததற்கு எவரும் அண்ணாவியைக் கோபிக்க முடியாது. என் பரிந்துரை இரண்டுக்கும் நடுவானது: குணத்தைக் கட்டை கொடுக்கட்டும், பாத்திரத்தை ஆடுபவனே எடுக்கட்டும். மூன்று பேர் ஒரே மந்திரவாதியைக் கேட்டால் மூவரையும் மந்திரவாதியாக்கிவிட்டு முதல் சண்டைக்கு அனுப்பவும். மிச்சத்தை அனுபவம் கற்பிக்கும்.

சட்டங்கொடுத்த பின் சதங்கை கட்டல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று கூத்து நீளும். இதில் ஆய்வாளனை ஆட்கொண்டது கிழமைக்கூத்து. வாரத்துக்கொரு நாள் கூடி, விட்ட இடத்தில் தொடங்கி, முடியாமல் எழும்பிப் போவதற்கு இந்தக் கரையில் பெயரோடு ஒரு நிறுவனமே இருந்திருக்கிறது. லேக் ஜெனீவா பிந்தி வந்தது.

ஆனால் அண்ணாவியாரிடம் கற்கவேண்டியது கூத்தாடும் களரியில்தான் இருக்கிறது. ஆடுபவனுக்கு மூச்சு வாங்கினால் பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடுவார்கள். வரி மறந்தால் கொப்பி பார்ப்பவர் எடுத்துக்கொடுப்பார். மத்தளம் மட்டும் நிற்காது. விடியும்வரை அண்ணாவியார் ஒரு ராசாவாகவும் வேசம் கட்டுவதில்லை. கூட்டம் பார்ப்பது ஆடுபவனை. மேசையில் இருக்கும் கற்றுக்குட்டி அண்ணாவியோ தானே உருவாக்கிய கிழட்டு மந்திரவாதிக்கு அரை மணிநேரம் வசனம் கொடுத்து, ஐந்து பேரையும் கச்சான் உடைக்க விட்டுவிடுகிறான். இந்நோய்க்கு மருந்து மத்தளம். இல்லாதவர் மேசையைத் தட்டலாம்.

ஒரு வேறுபாட்டை மறைக்க இயலாது. கர்ணன் போரில் கர்ணனைச் சாகாமல் விடலாமா என்று களரியில் எவரும் கேட்பதில்லை. மேசையில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்பார்கள். ஒரு வாரம் குந்தியிருந்து அண்ணாவி குகை வரைந்திருப்பார், ஆட்டக்காரன் சொல்லுவான்: “நான் குகைக்குள்ள வரமாட்டன் அண்ணாவி, வாசல்ல நிக்கன்.” இதற்குக் கோபிப்பவர் கூத்துக்கே திரும்பலாம். கோபிக்காதவர் வாசலுக்கு ஏதாவது ஒன்றை வரவழைப்பார்.

எதை வரவழைப்பது? காட்டு யானையை வேண்டாம். இந்தப் பகுதியில் யானையை விட்டால் மேசையிலிருக்கும் ஒவ்வொருவரும் நிபுணர். ஒருவரின் மாமாவை யானை துரத்தியிருக்கும், இன்னொருவரின் வாழைத் தோட்டத்தில் அது நின்றிருக்கும், மூன்றாமவர் யானைவெடி கொளுத்தும் முறையைத் திருத்திச் சொல்லுவார். நெருப்புக் கக்கும் பறவைநாகமே உசிதம். அதைக் கண்ட சாட்சி சங்கமன்கண்டிவரை கிடையாது.

இனி கட்டை. பலிப்பதைச் சொல்லும் இருபது முகக் கட்டை நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் அகப்படாது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி எறிவது பழைய வழி. ஆறு கொட்டை எறிந்தால் 64 விதமாக விழலாம். ஆறும் வெள்ளையாக விழுவது ஒரே விதம். மூன்று வெள்ளை விழுவது 20 விதம். கொட்டை நடுநிலையானது என்ற துணிச்சலான எடுகோளின்மேல் இக்கணக்கு நிற்கிறது. கொட்டை ஆட்டத்தில் வீரர்கள் பெரும்பாலும் சுமாராகவே இருப்பார்கள், ஊரைப்போல. இருபது முகக் கட்டையிலோ எல்லா இலக்கத்துக்கும் நூற்றுக்கு ஐந்து வீதம். அங்கே மகாவீரன் சொந்தக் காலை வெட்டிக்கொள்வதும் பூனை சிங்கத்தை வெல்வதும் அடிக்கடி நடக்கும். இரவு நீளவேண்டுமென்றால் அதுதான் தேவை.

அதற்கு முந்நூற்றிநாலு விளையாட எடுக்கும் காட்ஸ் கட்டே, முழுதாக இருந்தால், போதும். ராசா, ராணி, யாக் என்னும் பன்னிரண்டையும் விலக்கினால் நாற்பது மிஞ்சும். சிவப்பில் ஆசு முதல் பத்துவரை ஒன்று முதல் பத்து. கறுப்பில் பதினொன்று முதல் இருபது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் இரண்டு காட்ஸ், அதாவது அதே ஐந்து வீதம். இழுத்ததைத் திருப்பிப் போட்டுக் கலைக்க வேண்டும். கலைப்பவர் அந்தச் சண்டையில் இல்லாதவராக இருக்கவேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் உருட்டுவதை அடியோடு தடைசெய்கிறேன். துரியோதனனுக்காகச் சகுனி உருட்டிய முன்னுதாரணத்தின் விளைவைப் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் வனவாசத்திலிருந்து தீமிதிப்புவரை பார்க்கலாம். பதினெட்டு நாள் நடக்கும் அந்தச் சடங்கு வழிபாடு. அதை ஆட்டத்தோடு சேர்த்து எண்ணுபவரோடு இவ்வாய்வுக்குத் தொடர்பில்லை. ஊரே முடிவு தெரிந்துகொண்டு வனவாசத்தின் பின்னால் நடப்பதை மட்டும் ஒவ்வொரு அண்ணாவியும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

எஞ்சியிருப்பது நாள் குறித்தல். இத்துறையின் தீராத புதிர் இதுவே. பறவைநாகத்தால் செத்த ஆட்டத்தைவிட நாள் பொருந்தாமல் செத்த ஆட்டம் அதிகம் என்பது என் துணிபு. பெரும்போக வெட்டில் ஆள் வராது. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சித்திரவேலாயுதர் ஊரையே தீர்த்தக்கரைக்கு அழைத்துவிடுவார். நோன்பு மாதத்தில் அக்கரைப்பற்று நண்பரை இரவு பிந்தித்தான் கேட்கலாம். மிஞ்சும் மாதங்களில் வெள்ளி பகல் அவருக்கு ஜும்ஆ, பின்னேரம் நமக்குக் கோயில் பூசை. சனி, ஞாயிறு கலியாண வீடுகள். திங்களில் வள்ளத்துக்குப் போகும் தம்பி கரையில் இல்லை. புதனும் வியாழனும் டியூசன். ஆட்டம் செவ்வாய் பின்னேரம் ஏழு மணிக்குத் தொடங்கலாம் என்று ஆய்வு நிறுவுகிறது. செவ்வாயில் புதுக்காரியம் தொடங்க அம்மம்மா விடமாட்டா.