கூரையைத் திரும்பக் கட்டும் கலை

வெயிலுக்கும் மழைக்கும் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும் என்று மனித இனம் காலகாலமாகப் பாடுபட்டுச் சேர்த்ததை, கூடுதல் பணம் கொடுத்து இல்லாமல் செய்துகொள்வதற்குத்தான் கன்வெர்ட்டிபிள் கார் என்று பெயர். வாங்கியவர் அத்தோடு சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அமெரிக்காவில் பந்தயத் தடங்களை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசை தீர ஓட்டிக்கொள்ளுங்கள் என்று பொதுமக்களை அழைக்கும் மன்றங்கள் இருக்கின்றன. ‘ட்ராக் டே’ என்கிறார்கள். பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது, பல இடங்களில் நேரம் குறிப்பதுகூடத் தடை. முந்த வேண்டுமென்றால் முன்னால் போகிறவர் கையை நீட்டி ‘போங்கள்’ என்று காட்டியாக வேண்டும். நம்மூர்க் கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு மரியாதை இல்லை. இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு வருஷத்தில் இரண்டே நாள் போவதற்காக ஒரு திறந்த காரை எந்த அளவுக்கு மாற்றலாம் என்பதுதான் கேள்வி. என் கட்சி இது: உயிர் பிழைக்க என்ன தேவையோ அதைச் செய்யலாம், வேகத்தைக் கூட்ட ஒரு சல்லிக்காசு செலவழிக்கக் கூடாது. பாக்கி 363 நாளும் அது கடைத்தெருவுக்குப் போய்வருகிற காராகவே இருந்தாக வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு மாஸ்டா மியாட்டாவைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. விலை மலிவான பிரிட்டிஷ் திறந்த கார்களின் காலம் முடிந்துகொண்டிருந்தபோது, அந்த வெற்றிடத்தை நிரப்பலாமே என்று பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கென்இச்சி யமமோட்டோவிடம் போட்ட விதை, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காராக முளைத்து நின்றது. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. உறங்கி எழுபவர் கண் திறப்பதுபோல் முகப்பு விளக்குகள் மேலே எழும்பும். 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாராகிவிட்டது. பழைய வண்டிகள் ஏராளமாகக் கிடைப்பதால் ட்ராக் டேக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இதையே வாங்குகிறார்கள். வாங்கிய பிறகுதான், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன பாட்டி அமெரிக்காவிலும் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதல் செலவு, இருந்த கூரைக்குப் பதிலாக ஒரு இரும்புக் குழாய். சாதாரணக் கார் தலைகீழாகப் புரண்டால் கூரையும் அதன் தூண்களும் தாங்கும். முதல் தலைமுறை மியாட்டா புரண்டால் தாங்குவதற்கு இருப்பவை இரண்டு: முன்கண்ணாடியின் சட்டம், அப்புறம் ஓட்டுகிறவரின் தலை. ஆகவே இருக்கைக்குப் பின்னால் ‘ரோல் பார்’ என்ற வளைத்த குழாயைப் பொருத்தாமல் பெரும்பாலான மன்றங்கள் உள்ளே விடுவதில்லை. பொருத்தினால் மட்டும் போதாது, சோதனையும் உண்டு. ஜப்பானியப் பொறியியலின் பெருமையைச் சோதிக்க அவர்கள் எடுத்துவரும் கருவி ஒரு துடைப்பக் கட்டை. கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலிருந்து ரோல் பாரின் உச்சிக்குக் கட்டையை வைப்பார்கள். ஹெல்மெட் மாட்டி, பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரின் தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு அங்குல இடைவெளி கேட்கும் கறார்க்காரர்களும் உண்டு. ஆறடி ஆள் இதில் தேறுவது கஷ்டம். தலையை வெட்டிக்கொள்ள முடியாது என்பதால் இருக்கையைக் கிழித்து உள்ளேயிருக்கும் பஞ்சைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிருஷ்டத்தின் சுகத்தை அடகு வைத்துத் தலைக்கு ஒரு அங்குலம் வாங்குகிற பேரம் இது. அபத்தமாகத் தெரிந்தாலும் கணக்கு சரிதான்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை வரும், தட்டிக்கழிக்க முடியாது. தடத்தில் தலையைக் காக்கும் அதே குழாய், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் 363 நாளும் பின்மண்டைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறதே? உண்மை. யாராவது பின்னால் வந்து இடித்தால் தலை போய் மோதக்கூடிய இடத்தில்தான் பல வண்டிகளில் அது இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்னெல் நிறுவனம் கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. வகை ஹெல்மெட்டை ரோல் பார் போன்ற உலோகத்தில் மோதவிட்டும் சோதிக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான எம். வகைக்கு அந்தச் சோதனை கிடையாது. ஹெல்மெட்டுக்கே தனிப் பரீட்சை வைக்கும்போது வெறும் மண்டைக்குப் பாஸ் மார்க் போட முடியுமா? ஆகவே என் விதிக்கு நானே ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். குழாயைத் தலையிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பொருத்த வேண்டும், அதற்கென்றே செய்த கெட்டியான உறையைச் சுற்ற வேண்டும், இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து ஒய்யாரமாக ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இதற்கும் இடமில்லாத உயரம் என்றால் அந்த ஆள் வேறு கார் பார்க்கலாம்.

இரண்டாவது செலவுதான் மிக மலிவு, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை: பிரேக் ஆயில். கலிஃபோர்னியாவின் லகுனா செக்கா தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 3.6 கிலோமீட்டர், 11 வளைவுகள். அதில் ‘கார்க்ஸ்க்ரூ’ என்ற இடத்தில் சாலை சுமார் 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் கீழே விழுகிறது. ஓட்டுகிறவரோடு சேர்த்து 1,100 கிலோ இருக்கும் கார், மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு ஒரு முறை குறைந்தால் போதும், அதில் வெளியாகும் வெப்பத்தைச் சிந்தாமல் பிடிக்க முடிந்தால் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு வீட்டுக்கே டீ போட்டுவிடலாம். வேகம் பாதியானால் ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது. அது பெரும்பாலும் பிரேக் தட்டுக்கும் பேடுக்கும் அவற்றின் வழியாக ஆயிலுக்கும்தான் போகிறது. டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நூற்றுக்கு நாலு பங்குகூட வேண்டாம், 3.7 சதவீதத் தண்ணீர் சேர்ந்தாலே அந்தத் தரம் கேட்கும் வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் சுருங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. டர்போ வாங்கக் கடன் கேட்டு அலைகிறவர், போன ஆட்சியில் ஊற்றிய பிரேக் ஆயிலோடு மலையிறங்குவதை என்ன சொல்ல!

பேடும் மாற்ற வேண்டும், ஆனால் இரண்டு நாளுக்கு மட்டும். தடத்துக்கான பேட் சூடேறிய பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது ஜில்லென்று இருக்கும் அது, கிறீச்சென்று தெருவையே எழுப்புமே தவிர நிறுத்துவதில் சுணங்கும். முந்தின நாள் மாட்டி, முடிந்ததும் கழற்றிவிடலாம். டிக்கியில் உருளக்கூடிய ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, போன தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சமான எது இருந்தாலும் வெளியே எடுத்துவிட வேண்டும். வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும். தயாரிப்பு இவ்வளவுதான்.

‘குதிரைத்திறன் இல்லாமல் என்ன சுகம்?’ என்பார்கள். டர்போ போட்டால் சூடு கூடும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். ஆயில் கூலர் வரும். பழைய கிளட்ச் வழுக்கும். வேகம் பத்து சதவீதம் கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுவதால் பிரேக் பெரிதாகும். அதை மூடப் பெரிய வீல், அதற்கேற்ற டயர். சத்தமான சைலன்சர் மாட்டினால் லகுனா செக்காவில் வேறு வம்பு: பெரும்பாலான நாட்களில் ஒலிக்கு வரம்பு வைத்து, தாண்டுகிறவரைக் கொடி காட்டி வெளியே அழைத்துவிடுகிறார்கள். டயர் பற்றிய ஆட்சேபணை இதைவிட நியாயமானது. ஒட்டும் டயர் சீக்கிரம் நிறுத்துமே, அதுவும் பாதுகாப்புதானே என்பது. பாதிதான் சரி. சாதாரண டயர் பிடி விடுவதற்கு முன்னால் கீச்சிட்டு முறையிடும், விடும்போது வேகமும் குறைவாக இருக்கும். ஒட்டும் டயர் அதிகம் பேசாமல், அதிக வேகத்தில் கைவிடும். புதிதாகக் கற்கிறவருக்குப் புலம்புகிற டயரே ஆசிரியர்.

கடைசியாக வருவது, கூரையுள்ள காரையே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்ற கேள்வி. கேட்பவர் அந்த இரண்டு நாளை மட்டும் கணக்கிட்டால் அவர் சொல்வதே சரி. ரோல் பாரில் தொடங்கி, முழுக் கூண்டு வரைக்கும் போய், அதன் மேல் கெட்டிக் கூரையையும் பூட்டி முடித்தவர், கூரையுள்ள காரில் இருப்பதைவிட அதிக இரும்பைச் சுமந்துகொண்டு அதைத் திறந்த கார் என்று சொல்லிக்கொள்கிறார். ஒற்றைக் குழாயோடு நிறுத்தியவருக்குத் துணிக்கூரை இன்னும் மடங்கும், சாயங்காலக் காற்று இன்னும் வரும்.

மிச்சப் பணத்தை இன்னொரு நாள் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புதியவர்களுக்குப் பல மன்றங்கள் அந்தக் கட்டணத்திலேயே பக்கத்து இருக்கையில் ஒரு பயிற்சியாளரை உட்காரவைக்கின்றன. ஓட்டுகிறவருக்கு இருக்கும் அதே பாதுகாப்பு அவருக்கும் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. தனக்கு மட்டும் பந்தய பெல்ட் பூட்டிக்கொண்டு வந்தவர், அவருக்கும் ஒன்று வாங்கிப் பூட்டினால்தான் உள்ளே போகலாம். கம்பெனி பெல்ட்டோடு வந்தவருக்கு அந்தச் செலவும் இல்லை. எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, எந்த டர்போவையும்விட அதிக வினாடிகளைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தானாகவே கழன்று வீட்டுக்குப் போய்விடும் உதிரிபாகம் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.