பொருள்: வயிற்றுவலி தொடர்பாக

அனுப்புநர்: புதுமைப் பெண் திட்டப் பயனாளி ஒருத்தி, எட்டயபுரம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்: மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: மாதவிடாய் வலி – அப்படி ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. அம்மாவின் வாய்மொழி உத்தரவு: "பல்லக் கடிச்சுக்கிட்டுப் படு." 2. ஒரு மருத்துவரின் வாய்மொழி உத்தரவு: "கல்யாணம் ஆனா சரியாயிரும்."

ஐயா / அம்மையீர்,

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் நன்றி இருந்தால்தான் இரண்டாவது பத்தியைப் படிப்பார்கள் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் சொன்னார்.

என் வயிற்றுக்கு நீங்கள் செய்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. 'புதுயுகம்' திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் நாப்கின், பாக்கெட்டுக்கு ஆறு. ரத்தசோகை வராமலிருக்க வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை. அதை டீச்சர் கண்முன்னே விழுங்கி, வாயைத் திறந்தும் காட்ட வேண்டும். அப்புறம் புழு. 2015இலிருந்து பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். அன்றைக்கு லீவு போட்டாலும் தப்பிக்க முடியாது, விடுபட்டவர்களுக்கென்றே பின்னால் இன்னொரு நாள் வைத்திருக்கிறீர்கள். ஆளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல். புழு இருக்கிறதா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருக்கும் என்று நீங்களே முடிவு செய்து மாத்திரையை நீட்டுவீர்கள். வலி விஷயத்தில் மட்டும் நேர்மாறு. இருக்கிறது என்று நாங்களே வந்து சொன்னாலும் இருக்காது என்று முடிவு செய்வீர்கள். ஒரே வயிற்றில் குடியிருந்தும் புழுவுக்குள்ள செல்வாக்கு என் வலிக்கு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

வலியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கேட்கிறீர்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில், பள்ளிக்கூடத்துக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டியவை ஒரு பட்டியலாக இருக்கின்றன. பல், கண், தோல், இதயம் என்று வரிசையாகப் போய், வளரிளம் பருவத்துக்கு வந்து, 38ஆவது வரியில் நிற்கிறது: மாதவிடாயின்போது வலி. அதுதான் கடைசி வரி. அதற்குக் கீழே வெறும் கையெழுத்துக்கான இடம்தான் பாக்கி.

கடைசி வரிக்கு என்ன கதி என்பது கணக்குப் பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும். எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்று நான் சொல்லப்போவதில்லை. வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். எடை பார்க்கும் மிஷின் ஒரு பக்கம், கண் பார்க்கும் அட்டை ஒரு பக்கம். பெண் பிள்ளைகள் வரிசைக்கு ஒரு கை தள்ளிப் பையன்கள் வரிசை. மதியச் சாப்பாட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பேனா 37ஐத் தாண்டி வந்தது. "வேற ஒண்ணும் பிரச்சினை இல்லைல்ல?" என்று கேள்வி, பதிலைத் தூக்கிக்கொண்டே வந்தது. "இல்ல சார்" என்றேன். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத்தான் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் கணக்கில் நான் நல்ல ஆரோக்கியம்.

அதற்கு முன்பே வீட்டில் வைத்தியம் நடக்காமல் இல்லை. எங்கள் கரிசலில் உளுந்துக்குப் பஞ்சமில்லை என்பதால் ஆச்சி கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டிப் போட்டாள். வெந்தயம் போட்ட மோர், பெருங்காயத் தண்ணி, அடிவயிற்றில் சுடுதண்ணிப் பாட்டில். சூடு உண்மையிலேயே கொஞ்சம் கேட்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரைதான் தடை. "இந்த வயசுலயே மாத்திரையப் போட்டா கர்ப்பப்பை கெட்டுப்போகும்ட்டி. தாங்கவே முடியலைன்னா மட்டும் ஒண்ணு போடு" என்பது அம்மா சட்டம்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே பின்னால்தான் தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும் நேரத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது தசையை இறுக்குகிறது, ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, கூடவே குமட்டலையும் பேதியையும் இழுத்து வருகிறது. ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே தடுப்பவை. ஆகவே வலி தலைகாட்டும்போதே, சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்ன அளவில், ஓரிரு நாள் போட வேண்டும். தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்து போட்டால் வெள்ளம் வந்த பிறகு கண்மாய்க்குக் கரை கட்டுவது மாதிரி. மாத்திரையால் கர்ப்பப்பையும் கெடாது. இந்த நாலு வரியை நாப்கின் பாக்கெட் உறையில் அச்சடித்திருந்தால் எவ்வளவு மை செலவாகியிருக்கும் என்று நிதித்துறையிடம் கேட்டுச் சொல்லவும்.

இனி பார்வை இரண்டில் கண்ட உத்தரவுக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்ததால் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எந்த ஆஸ்பத்திரி என்பது இந்த மனுவுக்குத் தேவையில்லை, எந்த ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலேயே "என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட்டவர் குரலை உயர்த்தித் திருப்பிச் சொன்னார். பின்னால் நின்றிருந்த மொத்த வரிசைக்கும் என் தேதி தெரிந்துபோனது. உள்ளே போனால், டாக்டர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "கல்யாணம் ஆகலைல்ல?"

"பத்தாப்பு படிக்கா டாக்டர்."

"அப்ப ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆகி ஒரு புள்ள பெத்தா எல்லாம் சரியாயிரும்."

இடுப்பில் ஒரு ஊசி, காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை. ஸ்கேன் எடுக்கணுமா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதுக்கு என்று பதில். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுக்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது, கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை எங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அந்த மருந்துச் சீட்டில் எனக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. எனக்கு அப்போது வயது 15. எழுதித் தந்த மருந்து கல்யாணம். 2006ஆம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, 18 வயது ஆகாத பெண்ணின் கல்யாணத்தை நடத்துகிறவருக்கும் ஊக்குவிக்கிறவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். மருந்தை வாங்கப் போனால் சமூக நலத்துறை வந்து பந்தலைப் பிரித்துவிடும். இரண்டு துறைகளும் ஒருநாள் உட்கார்ந்து பேசி, இந்த மருந்தை எத்தனை வயதிலிருந்து கொடுக்கலாம் என்று ஒரு அரசாணை போட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இதில் உங்களுக்கு ஒரு கொள்கை இருப்பதாக எனக்குப் படுகிறது. பிரசவ வலி என்றால் உடனே நம்புகிறீர்கள். 108 ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வரும். கரு தரித்ததும் பதிவு செய்து பிக்மி எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகம், ஊசி, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் நர்ஸம்மா. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். உலகமே மெச்சுகிற வேலை, நானும் மெச்சுகிறேன். ஆனால் உள்ளே பிள்ளை இருந்தால்தான் கர்ப்பப்பை உங்கள் பேரேட்டில் ஏறும் போலிருக்கிறது. காலியாக இருக்கும்போது அது கத்தினாலும் வருவாய் இல்லாத இனம். மாதவிடாய் ஒரு குறைபாடு அல்ல, வாழ்க்கையில் இயற்கையாக வருவது என்று 2023 டிசம்பரில் அன்றைய ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கினார். பிரசவமும் இயற்கைதானே அமைச்சரம்மா, அதற்கு ஏன் வண்டி அனுப்புகிறோம்?

இந்த நாட்டில் எங்கள் வலியை முழுமனதாக நம்பியவர்கள் ஒரே ஒரு கூட்டத்தார்தான். மில் முதலாளிகள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பத்தாவது முடித்த பிள்ளைகளை நூல் மில்லுக்கும் தையல் கம்பெனிக்கும் ஆள் பிடித்துப் போவது உங்களுக்குத் தெரியும். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி போட்டது. மாதவிடாய் வலி என்று சொன்ன அத்தனை பேருக்கும் வேலையிடத்திலேயே மாத்திரை கிடைத்திருக்கிறது. சீட்டு வேண்டாம், வரிசை வேண்டாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வி வேண்டாம். அந்த மாத்திரையில் பெயர் இல்லை, தேதி இல்லை, பக்கவிளைவு என்ன என்று சொல்ல ஆள் இல்லை. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்களும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். மாத்திரையைப் பரிசோதித்தவர்கள் அது ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணி என்றார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிப்போம் என்று அரசு அப்போது அறிவித்தது.

மெஷினுக்கு முன்னால் நிற்கிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் காசு போகும். அதனால் அவர்களுக்கு வலி புரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தால் என்ன நிற்கும்? அட்டெண்டன்ஸில் ஒரு நாள் போகும், அவ்வளவுதான்.

மில்லுக்குப் போகாத எங்களுக்கு மருந்துக்கடை. "ரெண்டு மெஃப்டால்" என்றால் பேப்பரில் சுற்றித் தருவார்கள். 2023 கடைசியில் இந்திய பார்மகோபியா ஆணையம் அந்த மாத்திரையில் உள்ள மெஃபெனமிக் ஆசிட் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டது: அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம், கவனிக்க வேண்டும் என்று. அந்த எச்சரிக்கை டாக்டர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் எழுதப்பட்டது. டாக்டரை விட்டுவிட்டு நேரே கடைக்குப் போகும்படி எங்களைப் பழக்கியவர்களுக்கு அதன் நகல் போனதா?

பன்னிரண்டாவது முடிந்தபின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா கிடைத்தார். அவர் செய்த அதிசயம் கேள்வி கேட்டது. எந்த வயதில் ஆரம்பித்தது, மாத்திரைக்குக் கேட்கிறதா, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாய், மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, அம்மாவுக்கோ சித்திக்கோ இப்படி இருந்ததா. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வது. குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வலிமாத்திரைக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் அடங்காத வலியுள்ள வளரிளம் பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இந்த நோய் இருக்கும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே எழுதி வைத்திருக்கிறது. கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆவது உலகமெங்கும் வழக்கம் என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். உலகத்தரம் என்பார்களே, அதை இந்த ஒன்றில் நாம் எட்டிவிட்டோம்.

ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா அதைக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாள். கல்யாணமாகாத பிள்ளை அந்த மாதிரி மாத்திரை போடுகிறது என்று பக்கத்து வீட்டில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்ற பயம். ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை லைட்டை அணைத்துவிட்டுத்தான் எடுத்துத் தருவாள். அவளுக்கும் சின்ன வயதில் இதே வலி இருந்ததாம். டாக்டரம்மா கேட்ட அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 அன்று எங்கள் ஊருக்கு நீங்கள் எல்லோரும் வருவீர்கள். பாரதி பிறந்த வீட்டில் மாலை, மணிமண்டபத்தில் பேச்சு. பெண் விடுதலை பற்றி மைக் அதிரும். அதைக் கேட்கக் காலையிலிருந்து வரிசையாக நிற்க வைப்பது பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளைத்தான். ஒருத்தி சுருண்டு உட்கார்ந்தால் "சாப்பிடாம வந்திருப்பா" என்று குளுக்கோஸ் பாக்கெட்டை உடைப்பார்கள். அடுத்த முறை கொஞ்சம் விசாரித்துப் பார்க்கவும்.

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. 38ஆவது கேள்வியை ஒரு பெண் செவிலியர், கதவு உள்ள ஓர் அறையில், வாயைத் திறந்து கேட்க வேண்டும். பதில் 'ஆம்' என்றால் அடுத்து எங்கே அனுப்புவது என்று அந்தச் செவிலியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அனுப்பப்படும் இடத்தில் கல்யாணம் பற்றிய பேச்சை எடுக்கக் கூடாது. பரீட்சை பற்றியும் யோசிக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளியில் 1912இலேயே பரீட்சை நேரத்து மாதவிடாய்க்கு விடுப்புத் தந்து, பிறகு எழுத விட்டிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் கொச்சி பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப் பதிவில் 2 சதவீதம் விட்டுக்கொடுத்தது. செங்கோட்டை தாண்டினால் கேரளம்தான், கோப்பு போய்வர அதிக நேரம் பிடிக்காது.

இந்த மனு மீது விசாரணைக்கு என்னை நேரில் அழைப்பதாக இருந்தால் மாதத்தின் கடைசி வாரத்தில் தேதி போட வேண்டாம். அந்த வாரம் கோவில்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு வர என்னால் முடியாது. வேறு எந்த நாள் கூப்பிட்டாலும் வருகிறேன். அம்மாவும் வருவாள், அவளுடைய வலியையும் சேர்த்து எழுதிக்கொள்ள ஒரு தாள் கூடுதலாக வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓ.பி. சீட்டில் 'வயிற்றுவலி' என்று மட்டும் எழுதப்பட்டவள்.

இணைப்பு: ஓ.பி. சீட்டு நகல். மாத்திரை அட்டை இணைக்கப்படவில்லை, அம்மா தர மறுத்துவிட்டாள்.