புத்தகம் முடிஞ்சிருச்சும்மா

கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்ற அம்மா பெருமையடித்துக்கொள்ள மாட்டார். புலம்புவார். "என்னத்தண்ணே சொல்றது, ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி, பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்னு கேக்குறான். எனக்குத் தூக்கமே போச்சு" என்று தலையில் கைவைப்பார். பக்கத்தில் நிற்கும் இன்னோர் அம்மாவின் பிள்ளைக்கு இருபதுவரை எண்ணுவதற்கே இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் என்ன சொல்வார்? "ஐயோ பாவம்" என்றுவிட்டு மீன் லோரிப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

இப்படி ஓர் அம்மாவை மலேசியாவின் தங்காக் ஊரில் தாமானுக்குத் தாமான் பார்க்கலாம். பெயர் வேண்டாம். சொன்னால் என்னைத்தான் எழுதினாய் என்று நான்கு பேர் சண்டைக்கு வருவார்கள். தலைமையாசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. மாணவர் எண்ணிக்கை ஒன்று. வயது ஐந்து.

பையன் முதலில் பாலர் பள்ளிக்குத்தான் போனான். அங்கே எழுத்துப் பழக்கும் முன்பே இவன் சுவரில் இருந்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஒருநாள் பெற்றோர் எல்லாரும் கூடியிருந்த நேரத்தில், கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலைக் கண்டெடுத்து, தெளிவான உச்சரிப்போடு உரக்கப் படித்தான். மூன்றாவதாக அவன் அப்பா பெயர் வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை வீட்டுப்பள்ளி திறப்புவிழா கண்டது. பாடத்திட்டம் அவன் வேகத்துக்குப் போதவில்லை என்பதுதான் வெளியே சொல்லப்படும் காரணம். அதுவும் பொய்யில்லை.

சட்டத்தைப் பற்றிக் கேட்டால் தலைமையாசிரியை பளிச்சென்று ஒப்பிப்பார். மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் 5,000 வெள்ளிவரை அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க அமைச்சின் விலக்கு வேண்டும். ஆனால் அதெல்லாம் ஏழு வயதில் முதலாம் ஆண்டு தொடங்கும்போதுதான். "இன்னும் டைம் இருக்குண்ணே" என்பார். அந்த இடைவெளியில்தான் அவருடைய பள்ளிக்கூடம் நிற்கிறது.

பள்ளி என்றால் முழுப் பள்ளி. கால அட்டவணை லேமினேட் செய்து குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. கைத்தொலைபேசி அலாரம்தான் மணி. திங்கட்கிழமை சபைகூடல் உண்டு. மாணவன், தலைமையாசிரியை இருவரும் 'நெகாராகூ' பாடுவார்கள். மூட்டுவலிக்காரப் பாட்டியும் அது முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இரவுச் சாப்பாட்டின்போது நடக்கும். மூவாரில் நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் அப்பா அதில் ஒரே உறுப்பினர். "சிற்றுண்டிச்சாலையில உப்புக் கம்மி" என்று ஒருமுறை தீர்மானம் கொண்டுவந்தார். அதன்பிறகு அவரைப் பேசவிடுவதில்லை.

அப்பாவுக்கு வேறொரு பழைய கணக்கு இருக்கிறது. 1996இல் இந்த நாட்டில் பி.டி.எஸ். என்று ஒரு சோதனை வந்தது. மூன்றாம் ஆண்டில் அதில் தேறிய பிள்ளைகள் நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம். 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சில வருடங்களுக்குள் மூன்றாம் ஆண்டு படித்தவர் நம்மவர். அவர் பக்கத்து மேசைக்காரன் தாண்டினான், இவர் தாண்டவில்லை. இன்றைக்கும் மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்று தொடங்கிவிடுவார். மகன் முதலாம் ஆண்டுக் கணிதப் புத்தகத்தை ஒன்பதே நாளில் முடித்தபோது அந்தக் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பாங்கியில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய மீத்திறன் மாணவர் திட்டத்தைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்கு யு.கே.எம். 1, யு.கே.எம். 2 என்று இரண்டு கட்டச் சோதனை. 'எப்ப எழுதலாம்' என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். பையன் பால்புட்டியை விட்டு ஒரு வருடம்தான் ஆகிறது என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

பையன் நிஜமாகவே கெட்டிக்காரன். அதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. நாடு முழுக்க ஒரே புத்தகம்; நடுவில் இருக்கும் பிள்ளையை நினைத்து எழுதியது. அதை ஒன்பது நாளில் முடித்துவிட்டு மிச்ச வருடத்தைக் கொட்டாவியில் கழிக்கச் சொல்வது ஐந்து வயதுக்காரனுக்குத் தண்டனைதான். என் வியப்பெல்லாம் அவன் அம்மாவைப் பற்றியது.

"புத்தகம் முடிஞ்சிருச்சும்மா" என்று அவன் சொன்னதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வாய் சிரிக்கும், கண் கலங்கும். மலாக்காவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, சிங்கப்பூர்க் கணிதம் என்று அள்ளிக்கொண்டு வருவார். அவையும் தீரும். பிறகு இணையத்தில் பயிற்சித்தாள் தேடி இரவோடிரவாக அச்சடிப்பார். ஜப்பானில் தோரு குமோன் என்ற கணித ஆசிரியர் 1954இல் தம் மகனுக்காக வீட்டில் பயிற்சித்தாள் எழுத ஆரம்பித்தார், அதுதான் இன்று நாடு நாடாகக் கிளை விட்டிருக்கிறது என்று ஓரிடத்தில் படித்ததிலிருந்து அச்சுப்பொறிக்கு ஓய்வில்லை. குமோன் கையால் எழுதினார். நம் தலைமையாசிரியைக்கு மை வாங்கும் செலவே பாலர் பள்ளிக் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் காய்ச்சலைப் பற்றிப் பேசினார்.

வரவேற்பறைச் சுவரில் சுப்பிரமணியன் சந்திரசேகர் படம் இருக்கிறது. 1983இல் நோபல் பரிசு பெற்றவர், பன்னிரண்டு வயதுவரை வீட்டிலேயே படித்தவர். அப்பா ஆங்கிலமும் கணக்கும், அம்மா சீதாலட்சுமி தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அம்மா இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் தலைமையாசிரியை தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார். ராமானுஜன் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியவர் அவர் என்பது மாமியார் காதுக்குப் போனால் வம்பு.

மாமியார் சும்மா இருப்பவரா? ஒருநாள் படத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இவரு கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"பத்துப் பிள்ளைங்க அத்தை. இவரு மூணாவது."

"பத்து இருந்தா வீடே பள்ளிக்கூடந்தான். நீ ஒண்ண வச்சிக்கிட்டு மணி அடிக்கிற."

தலைமையாசிரியை அன்று மாலை வகுப்பை ரத்து செய்தார்.

வெளிக்களப் பயிற்சி என்றால் தங்காக்கில் துணிக்கடைதான். வெளியூர்க்காரர்கள் பேருந்து பிடித்து வந்து துணி எடுக்கும் ஊர் இது. திரைச்சீலைக்கு 3.7 மீட்டர் வேண்டும், மீட்டர் ஏழு வெள்ளி தொண்ணூறு காசு. தவுக்கே கணக்குப்பொறியைத் தேடுவதற்குள் பையன் "இருபத்தொன்பது வெள்ளி இருபத்து மூணு காசு" என்றான். தவுக்கே இருபத்தைந்து காசாக்கினார். 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரொக்கக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமைப்படுத்துவதுதான் நாட்டு வழக்கம். பையன் விடவில்லை. "அந்த ரெண்டு காசு எங்க போகும்?" என்று மலாயில் கேட்டான். பின்னால் நின்றவர்களும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தவுக்கே ஒரு மிட்டாய் நீட்டினார். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, 3.8 மீட்டராக வாங்கினால் முப்பது வெள்ளி இரண்டு காசு வரும், முப்பதாகக் குறைப்பார்கள், இரண்டு காசு நமக்கு என்று தீர்ப்புச் சொன்னான். தலைமையாசிரியை பூரித்துப் போய் 3.8 மீட்டர் வெட்டச் சொன்னார். இரண்டு காசு மிச்சம் பிடிக்க எழுபத்தைந்து காசு கூடக் கொடுத்தோம் என்பதை வீட்டுக்கு வந்தபின் பாட்டி விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

இதைவிடப் பெரிய தொல்லை மலையால் வந்தது. வாசலில் நின்றால் குனோங் லேடாங் தெரியும், 1,276 மீட்டர். இயற்கை அறிவியலாளர் வாலஸ் 1854இல் ஏறிய மலை. பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர் அவர் என்று தலைமையாசிரியை அழுத்திச் சொல்வார். ("அவரு மலை ஏறினாரு. இவன் மாடி ஏறவே தூக்கிக்கச் சொல்றான்" - இது பாட்டி.) அந்த மலை இளவரசியின் கதையைத் தூங்கவைப்பதற்காகச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மலாக்கா சுல்தான் பெண் கேட்டார். அவள் விதித்த நிபந்தனைகளில் தங்கப்பாலம் ஒன்று, ஏழு தட்டுக் கொசு இதயமும் ஏழு தட்டுக் கிருமி இதயமும் அடக்கம்.

பையன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். மலாக்காவிலிருந்து லேடாங்வரை பாலம் எத்தனை கிலோமீட்டர்? தட்டு எவ்வளவு பெரிசு? நம்ம சில்வர் தட்டா, பாட்டி தட்டா? ஒரு தட்டுக்கு எத்தனை கொசு? கொசுவுக்கு இதயம் இருக்கா?

"நாளைக்குச் சொல்றேன், தூங்குடா தம்பி."

அவன் தூங்கிவிட்டான். அவர் தூங்கவில்லை. இரண்டு மணிவரை திறன்பேசி வெளிச்சம். கொசுவுக்கு இதயம் உண்டு. வயிற்றுப் பகுதியில் முதுகையொட்டி ஓடும் ஒரு குழாய். கிருமிக்குக் கிடையாது. பாலம் நேர்க்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டு காலையில் மேசைக்கு வந்தால், அவன் கேட்டதையே மறந்துவிட்டு லோரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். இவர் விடுவாரா? முழுப்பாடத்தையும் நடத்தினார். கடைசியில் நிமிர்ந்து, "கிருமிக்கு இதயமே இல்லன்னா எப்படிக் கொண்டாறது? அவங்க கல்யாணம் வேணாம்னு சொல்றாங்கம்மா" என்றான். கதையின் மொத்தச் சூட்சுமமும் அதுதான். இவர் அதை இரண்டு மணிவரை கொசுவுக்குள் தேடியிருக்கிறார்.

அந்த வீட்டில் உண்மையிலேயே ஆண்டு தாண்டிக்கொண்டிருப்பது அம்மாதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பள்ளியில் கணிதம் என்றால் வயிற்றுவலி வந்தவர் அவர், அவரே சொன்னார். இப்போது பகா எண், பின்னம், எரிமலை, வால்நட்சத்திரம் என்று பொழுதுக்கும் குறிப்பேடும் கையுமாக இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு விருந்தினர் ஒருவர் பையனை மடக்க, "பதிமூணு தடவை பதினேழு எவ்வளவு?" என்றார். "ஏன் அங்கிள், உங்களுக்குத் தெரியாதா?" என்றுவிட்டு அவன் முறுக்கு எடுக்கப் போய்விட்டான். சமையலறையிலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது: "இருநூத்து இருபத்தொண்ணு!"

காலம் யாருக்காகவும் நிற்பதில்லையே. ஆண்டு பிறந்தது, பையனுக்கு ஏழு நடந்தது, கல்வி இலாகாவின் கணக்குப்படி தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு. முதல் நாள் தலைமையாசிரியை பள்ளி வேலிக்கு வெளியே ஓய்வு மணி அடிக்கும்வரை நின்றார். ஆறாம் ஆண்டுப் பின்னம் போடுகிற பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்குவார்களே, துடித்துப் போவானே என்ற கவலை. ஆசிரியைக்கு நான்கு பக்கக் கடிதமும் கைப்பையில் தயாராக இருந்தது.

அவன் வியர்வை வழிய, சட்டை வெளியே தொங்க, ஓடி வந்தான்.

"இன்னிக்கு என்ன படிச்சே தம்பி?"

"வரிசையில நிக்க."

"அது ஒரு பாடமா?"

"வீட்ல ஒருத்தந்தானே இருந்தேன். எப்படிம்மா வரிசை நிக்கிறது? இங்க முப்பது பேரு. எனக்கு முன்னாடி நின்னவன் தள்ளுனான், நான் அவன் பென்சில் பெட்டியப் பாத்தேன், டைனோசர்!" நாளைக்கும் வரவேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

கடிதம் கைப்பையிலேயே இருந்தது. அன்றிரவு பழக்கம் விடாமல் திறன்பேசியைத் திறந்து 'வரிசை' என்று தேடியிருக்கிறார். அதற்கென்றே தனிக் கணிதம் இருக்கிறதாம். டென்மார்க்கில் எர்லாங் என்பவர், தொலைபேசி அழைப்புகள் இணைப்பகத்தில் காத்துக் கிடப்பதைப் பார்த்து, 1909இல் எழுதியது. காலையில் மூன்று பக்கக் குறிப்பும் வண்ணப் படமும் குளிர்பெட்டியில் ஏறிவிட்டன. பையன் அதற்குள் பள்ளி வேனில் ஏறிவிட்டான். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு குறிப்பின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, கிளினிக்குல எனக்கு முன்னாடி ஏழு பேரு இருந்தா எத்தன மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு இதுல கண்டுபிடிக்கலாமா?"

"உக்காருங்க அத்தை" என்றார் தலைமையாசிரியை, பென்சிலைச் சீவிக்கொண்டே.